கழுவிய பிறகு கரகரக்கிறதா? ரெக்கார்டு பிளேட்டுக் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் வழி

"தம்பி, தண்ணி விட்டு நல்லாத்தான் கழுவுனேன். இப்பத்தான் முன்னவிட ஜாஸ்தியா கரகரங்குது" என்று போன வாரம் மதுரை செல்லூரிலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். மாதத்துக்கு இரண்டு தடவையாவது இதே கேள்வி வேறு வேறு குரலில் வந்துவிடுகிறது, அதனால்தான் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். எங்கள் பெரியப்பா உசிலம்பட்டிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன முந்நூற்றுச் சொச்சம் பிளேட்டுகளைக் கழுவித்தான் எனக்கு இந்த வேலை பழகியது. கல்யாண வீட்டுப் புழுதி, பொங்கல் திருவிழாவில் பறந்த விபூதி, பீடிச் சாம்பல், ஆபரேட்டரின் எண்ணெய்க் கை எல்லாம் பிளேட்டில் முள் ஓடும் பள்ளங்களுக்குள் படிந்திருந்தது. கழுவிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: அழுக்கைக் கரைத்த தண்ணீரை அலசி வெளியேற்றாமல் பிளேட்டிலேயே காய விட்டுவிடுகிறோம். தேய்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை அலசுவதில் காட்டினால் போதும்.

தண்ணீர் தொடும் முன்: கையில் இருப்பது எந்தப் பிளேட்?

இதைப் பார்க்காமல் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள்.

கனமாக இருக்கிறது, விரல் நகத்தால் தட்டினால் பீங்கான் மாதிரி சத்தம் வருகிறது, லேபிளில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்போல ஒரே பாட்டு. அது அரக்குப் பிளேட். அதில் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. மர வேலை செய்யும் ஆசாரி பிரெஞ்சு பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் செய்கிறார்கள். உங்கள் பிளேட்டும் அப்படியே கரையும். விளிம்பு சில்லு விட்டிருந்தாலோ விரிசல் இருந்தாலோ தண்ணீரும் வேண்டாம், உள்ளே இறங்கி உப்ப வைத்துவிடும். உலர்ந்த பிரஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேசாக வளைகிறது, 33 அல்லது 45 என்று போட்டிருக்கிறது என்றால் வினைல். எல்.பி. (33-ல் ஓடும் பெரிய பிளேட்), இ.பி. (45-ல் ஓடும் சின்னது) இரண்டும் இந்த வகைதான். இதற்குத்தான் கீழே சொல்லும் கலவை.

மூன்றாவது ஒரு வகை அபூர்வமாக வரும். நடுத் துளையின் ஓரத்தில் அலுமினியம் பளபளக்கும், லேபிளில் அச்சுக்குப் பதில் கையெழுத்து இருக்கும், நடுத் துளையை ஒட்டி இன்னொரு சின்னத் துளை இருக்கலாம். அது நேரடியாக வெட்டிப் பதிவு செய்த தட்டு. உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான் இருக்கக்கூடும். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும் தொடாமல் காகித உறையில் வைத்து, ஒலி ஆவணங்களைப் பாதுகாக்கும் காப்பகம் எதையாவது கேளுங்கள்.

வினைலுக்கு என் கலவை: டிஸ்டில்டு வாட்டர் 850 மில்லி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 150 மில்லி, வாசனையும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு அல்லது மூன்று சொட்டு. அரக்குப் பிளேட்டுக்கு ஆல்கஹாலை விட்டுவிட்டு மற்ற இரண்டு மட்டும், அதுவும் ஊற விடாமல் ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், சாமி விளக்கு எரியும் அறையில் கலக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரி கடைகளிலேயே கிடைக்கும். ஆனால் அதே கடையில் அதே மாதிரி கேனில் ஆசிட்டும் நிற்கும், அதனால் வாயால் கேட்டு வாங்கி, லேபிளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அறிகுறி 1: கழுவிய பிறகு கரகரப்பு கூடிவிட்டது

அதிகம் வருவது இதுதான். வரிசையாகப் பாருங்கள், முதல் மூன்றைச் சோதித்துப் பார்க்கக் காசே செலவில்லை.

*முள்ளைப் பாருங்கள்.* பிளேட்டை அல்ல, முள்ளை. கழுவும்போது பள்ளத்தின் அடியில் பல வருடமாக இறுகிக் கிடந்த அழுக்கு இளகி மேலே வருகிறது, முதல் தடவை ஓட்டும்போது முள் அதையெல்லாம் கலப்பை மாதிரி வாரிக்கொண்டு போகிறது. முனையில் பஞ்சு உருண்டை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று தொங்கும். மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இரண்டு தடவை தடவுங்கள், பக்கவாட்டில் தடவினால் முள்ளின் தண்டு வளைந்துவிடும். மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் சத்தம் குறைந்தால் நீங்கள் சரியாகத்தான் கழுவியிருக்கிறீர்கள்.

*நன்றாகக் காய்ந்ததா?* வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பள்ளத்துக்குள் ஈரம் நிற்கும். பாத்திர ஸ்டாண்டில் நிமிர்த்தி இரண்டு மணி நேரமாவது விடுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டியிருக்கும். ஃபேனுக்கு நேராக வைக்காதீர்கள். மாசி வீதிகளுக்குள் இருக்கும் வீடு என்றால் ஃபேன் காற்றில் வருவது பாதி தூசிதான்.

*முழங்கை ரோமத்துக்கு அருகில் பிளேட்டைக் கொண்டுபோங்கள்.* ரோமம் எழுந்து நின்றால் நிலைமின்சாரம். பங்குனி, சித்திரையில் காற்று வறண்டிருக்கும்போது மைக்ரோஃபைபர் துணியால் காயக் காயத் துடைத்தால் இது கட்டாயம் வரும். தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும், படபடவென்று ஒழுங்கில்லாமல் வெடிக்கும். துடைப்பதை விட்டுத் தானாகக் காய விடுங்கள், கார்பன் ஃபைபர் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழைய காகித உறைக்குப் பதில் நிலைமின்சாரம் தடுக்கும் உள்ளுறை போடுங்கள்.

*அலசினீர்களா?* கலவையால் தேய்த்த பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில், புதிய துணியோடு இரண்டு தடவை. தேய்த்த அதே துணி கூடாது, அழுக்கைத் திரும்பத் தடவுவதாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு காட்டன் பட்ஸை நனைத்துப் பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்று ஓரத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று சறுக்கினால் சோப்பு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எலுமிச்சை வாசனை ஜெல்லை மூன்று சொட்டுக்குப் பதில் மூன்று ஸ்பூன் ஊற்றியவர்களுக்கு மூன்றாவது அலசலும் தேவைப்படும். செல்லூர் அண்ணனுக்கு இதுதான் கோளாறு.

*துணி எது?* துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து நானே முதலில் பயன்படுத்தினேன், கைக்கு அவ்வளவு இதமாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நூல் துணுக்கு. நல்ல மைக்ரோஃபைபர் துணியைச் சோப்பில்லாமல் ஒரு தடவை துவைத்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். துடைப்பது எப்போதும் பள்ளம் போகிற போக்கில், வட்டமாக. குறுக்கே இழுக்கவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் இரைச்சல் அப்படியே இருந்தால் அறிகுறி 6-க்குப் போங்கள்.

அறிகுறி 2: காய்ந்ததும் வெள்ளை வளையம், திட்டு

தண்ணீர். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் தெரு போர் தண்ணீர் அதில் 1,200 காட்டுகிறது, வீட்டு ஆர்.ஓ. 80, நல்ல டிஸ்டில்டு வாட்டர் 0 முதல் 3 வரை. 1,200 என்றால் ஒரு லிட்டரில் 1,200 மில்லிகிராம் உப்பு. பிளேட்டில் தங்கிய ஒரே ஒரு மில்லி காய்ந்தால்கூட 1.2 மில்லிகிராம் உப்பு, தலைமுடி அகலம்கூட இல்லாத பள்ளத்துக்குள் படிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைக் காறைதான் அது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பள்ளத்தின் இரண்டு சுவரிலும் கோலப்பொடி சிந்தின மாதிரி தெரியும், முள் அதன்மேல் ஏறும்போது ஒவ்வொரு துகளும் ஒரு 'டிக்'.

சரி செய்வது சுலபம். டிஸ்டில்டு வாட்டரை நன்றாக விட்டு ஐந்து நிமிடம் ஈரமாக வைத்து, மெல்லிய முடியுள்ள பிரஷால் வட்டமாக ஓட்டி, துணியில் ஒற்றி எடுத்து, மறுபடி அதையே செய்யுங்கள். புதிதாகப் படிந்தது இரண்டு தடவையில் போய்விடும். போகாமல் நின்றால் வினிகர், எலுமிச்சை, புளி என்று போக வேண்டாம்; பித்தளைச் செம்புக்குச் செய்வதை இதற்குச் செய்ய முடியாது.

ஆர்.ஓ. தண்ணீர் முதல் கழுவலுக்குப் பரவாயில்லை, கடைசி அலசலுக்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கேட்பவர்கள் உண்டு. மீட்டரில் அது குறைவாகத்தான் காட்டும், ஆனால் ஏ.சி.க்குள் படிந்த தூசியும் பூஞ்சையும் அதில் வருகிறது, மீட்டருக்கு அது தெரியாது. மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீருக்கும் இதே பதில்.

அறிகுறி 3: ஒரே தாளத்தில் 'டொக்… டொக்…'

கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். எல்.பி.யில் 33 தடவை, இ.பி.யில் 45 தடவை வந்தால், சுற்றுக்கு ஒன்று என்று அர்த்தம்: பிளேட்டில் ஒரே இடத்தில் ஏதோ இருக்கிறது. எண்ணிக்கை இதோடு பொருந்தாமல் தாறுமாறாக வந்தால் தூசி அல்லது நிலைமின்சாரம், அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

சுற்றுக்கு ஒன்று என்றால் டார்ச்சைச் சாய்வாக அடித்து அந்த இடத்தைத் தேடுங்கள். மேலே துருத்திக்கொண்டிருந்தால் ஒட்டிய அழுக்கு. கீழே இறங்கியிருந்தால் கீறல். நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் சத்தம் போடாது, தட்டுப்படுவது போடும்.

பெரியப்பாவின் இ.பி. ஒன்றில் இப்படி ஒரு சத்தம், சரியாக இரண்டாவது பாட்டின் சரணத்தில். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கட்டை விரல் அகலத்துக்கு மங்கலான சிவப்பு. குங்குமம். எண்ணெய்க் கையோடு எடுத்து வைத்தவர் யாரோ, முப்பது நாற்பது வருடத்தில் அது அரக்கு மாதிரி இறுகிவிட்டது. கலவையில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் மட்டும் மூன்று நிமிடம் வைத்து எடுத்தேன், பஞ்சு இளஞ்சிவப்பாக வந்தது. ஏழாவது பஞ்சு வெள்ளையாக வந்த பிறகுதான் அலசினேன். இன்றைக்கு அந்தச் சரணம் சுத்தமாகக் கேட்கிறது, விரல் ரேகையின் நிழல் மட்டும் வெளிச்சத்தில் லேசாகத் தெரியும்.

குத்தி எடுக்கலாமே என்று ஊசி, பிளேடு, பல் குத்தும் குச்சி எதையும் கொண்டுபோகாதீர்கள். கீறலாக இருந்தால் எந்தத் தண்ணீரும் அதைச் சரி செய்யாது. அந்த 'டொக்' இனிமேல் அந்தப் பிளேட்டின் பாகம். பாட்டு அவ்வளவு முக்கியம் என்றால் கம்ப்யூட்டரில் ஏற்றி அங்கே நீக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம்.

அறிகுறி 4: ஒரே வரியில் மாட்டிக்கொள்கிறது, அல்லது தாவுகிறது

டோன் ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை) தலையில் ரூபாய்க் காசு வைக்கும் வழக்கத்தை முதலில் விடுங்கள். பாட்டு நகரும், உண்மைதான், ஆனால் அந்தக் கனத்தில் பள்ளத்தின் சுவர் உழப்பட்டுவிடும்.

முதலில் வேறு ஒரு நல்ல பிளேட்டைப் போடுங்கள். அதிலும் தாவினால் கோளாறு பிளேயரில்: மேஜை சமமாக இல்லை, முள்ளில் அழுக்கு, முள் அழுத்தும் எடை தவறு. பழைய பெட்டி பிளேயர்களில் முள்ளைத் திருப்பும் குமிழ் ஒன்று இருக்கும், ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. அது 78 பக்கம் திரும்பியிருந்தால் தடித்த முள் எல்.பி. பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே சறுக்கும், கூடவே பிளேட்டும் பாழாகும். இதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

மற்ற பிளேட்டெல்லாம் நன்றாக ஓடி இது மட்டும் தாவினால், அறிகுறி 3-ல் சொன்ன மாதிரி அந்த இடத்தை ஊற வைத்துக் கழுவிப் பாருங்கள். நான் பார்த்ததில் பாதிக்குப் பாதி இறுகிய அழுக்குதான். போகவில்லை என்றால் மேற்கொண்டு தேய்க்காதீர்கள். எல்லாப் பிளேட்டிலும் தாவல் இருந்து, முள்ளைச் சுத்தம் செய்தும் போகவில்லை என்றால் மெக்கானிக் வேலை. ஆர்மின் எடையையும் பேரிங்கையும் அளந்து பார்க்கக் கருவி வேண்டும்.

அறிகுறி 5: வெள்ளைப் புள்ளி, பாசி வாசனை

பூஞ்சை. ஐப்பசி மழை முடிந்து பீரோவைத் திறந்தால் தெரியும். தண்ணீர் காய்ந்த திட்டு வளையமாக இருக்கும், பூஞ்சை நட்சத்திரம் மாதிரி கிளை விட்டிருக்கும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடி நிழலில் வைத்து வேலை செய்யுங்கள். வீட்டுக்குள் ஊதினால் மற்ற பிளேட்டுக்கும் பரவும், உங்கள் நெஞ்சுக்கும் நல்லதல்ல. முதலில் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், காயக் காயத் தட்டாதீர்கள். பிறகு வினைல் என்றால் கலவையைப் பிளேட் முழுக்கத் தடவி மூன்று நிமிடம் விட்டு, பிரஷ் போட்டு, இரண்டு அலசல். அரக்கு என்றால் ஆல்கஹால் இல்லாத கலவைதான், பொறுமையாக இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுச் செய்யுங்கள். உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெளி அட்டை வேண்டும் என்றால் தனியாகக் காயவைத்து, கழுவிய பிளேட்டை அதற்குள் திரும்ப வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். பூஞ்சை அதிக நாள் இருந்த இடத்தில் வினைலின் மேற்பரப்பே அரித்திருக்கும், புள்ளி போன பிறகும் லேசான இரைச்சல் நிற்கும்.

ஐம்பது, நூறு பிளேட் மொத்தமாகப் பூத்துவிட்டது என்றால் கையால் செய்து மாளாது. கழுவி அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் மெஷின் வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். கழுவுவதில் நான் வெளியே கொடுக்கச் சொல்லும் ஒரே மெஷின் வேலை இதுதான். முதலில் பத்து பிளேட் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

அறிகுறி 6: பளபளவென்று சுத்தமாகிவிட்டது, ஆனால் குரல் கிழிகிறது

'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் சீறுகிறது, லேபிளை நெருங்க நெருங்க மோசமாகிறது. இதைக் கழுவிக் கழுவிப் பார்த்து மனம் உடைந்தவர்கள் நிறைய.

புதிதாக வாங்கிய, அதிகம் ஓட்டாத பிளேட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சீறினால் முள் தேய்ந்துவிட்டது. பழைய பெட்டி பிளேயர்களில் வரும் சபையர் முள் சில பத்து மணி நேரத்திலேயே தேயும். வைர முள் 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும். தேய்ந்த முள்ளோடு ஒரு பிளேட்டைக்கூட ஓட்டாதீர்கள், அது பள்ளத்தை உளி மாதிரி செதுக்குகிறது. முள்ளை வாங்கப் போகும்போது பழைய கார்ட்ரிட்ஜையே (முள் செருகியிருக்கும் சின்னப் பெட்டி) கழற்றி எடுத்துப் போங்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் ஆன்லைனில் மாடல் எண்ணை வைத்துத் தேட வேண்டியதுதான்.

புது பிளேட் நன்றாகப் பாடி இது மட்டும் சீறினால், பள்ளமே தேய்ந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்தால் கருப்புக்குப் பதில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். பெரியப்பாவின் பிளேட்டுகளில், ஊர் ஊராகத் தினம் ஒலித்த பிரபலமான பாட்டுகள் எல்லாம் இந்த நிலைதான். யாரும் கேட்காத மறுபக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. இதற்கு மருந்து இல்லை. கழுவுவதை நிறுத்திவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.

இதே மாதிரி மங்கல் ஒன்று வேறு காரணத்தாலும் வரும். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்த பிளேட்டில் அந்த உறையின் ரசாயனம் இறங்கி ஆவி படிந்த மாதிரி நிற்கும். இரண்டு தடவை கழுவியும் போகவில்லை என்றால் போகாது.

அறிகுறி 7: ஸ்டிக்கர் பசை

சவுண்ட் சர்வீஸ்காரர்கள் நம்பர் ஒட்டுவார்கள். வெதுவெதுப்பான ஈரத் துணியைப் பத்து நிமிடம் வைத்து, விரலால் உருட்டி எடுங்கள். மிச்சப் பசைக்குக் கலவை. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகவே கூடாது, வினைல் இளகிவிடும். லேபிள் மேல் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். அந்த நம்பரும் ஒரு சரித்திரம்தான்.

அறிகுறி 8: லேபிள் நனைந்து சாயம் போய்விட்டது

தேய்க்காமல் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி, படுக்க வைத்துக் காயவிடுங்கள். போன சாயம் வராது. அடுத்த தடவை லேபிளைவிடச் சற்றுப் பெரிய டப்பா மூடிகள் இரண்டை இரு பக்கமும் வைத்து, நடுத் துளை வழியாக ஒரு போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டு கழுவுங்கள், விளிம்புக்கு மெல்லிய ரப்பர் வாஷர் கொடுத்தால் ஒரு சொட்டு உள்ளே போகாது.

அறிகுறி 9: காய வைத்ததில் நெளிந்துவிட்டது

வெயிலில் வைத்திருப்பீர்கள். 60 டிகிரியை நெருங்கினாலே வினைல் இளகத் தொடங்கும், சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தளமும் பூட்டிய காரும் அந்தச் சூட்டை எட்டிவிடும்.

முள் தாவாமல் ஓடினால் அப்படியே கேளுங்கள். தாவினால், நன்றாகத் துடைத்த இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவே சுத்தமான பிளேட்டைப் படுக்க வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, நிழலான அறையில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். லேசான நெளிவு கொஞ்சம் அடங்கும். கண்ணாடியோடு வெயிலில் வைப்பது, அயர்ன் பாக்ஸ், ஓவன் எதுவும் வேண்டாம், பள்ளமும் சேர்ந்து நசுங்கிவிடும். கிண்ணம் மாதிரி வளைந்துவிட்டது என்றால் சூட்டை அளந்து மெதுவாக நிமிர்த்தும் மெஷின் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பஸ்ஸில் மடியில் படுக்க வைத்துக்கொண்டு போகாமல், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போங்கள். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் இன்னும் நல்லது.